நரி பிடிபட்ட பிறகு வந்த சிக்னல்

இது நடந்தது. கட்டுக்கதை இல்லை.

பேய் என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் மன்னிக்கவும். எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். 4:47க்கு ஆரம்பித்தது. அப்போது நல்ல வெயில். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். "பயத்துல ஏதோ தோணியிருக்கும்" என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு வர வேண்டாம். பயந்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் மேலே படியுங்கள்.

இதில் வரும் நேரங்கள் என் ஞாபகத்திலிருந்து வந்தவை இல்லை. என் நாத்தனார் பஸ் கண்டக்டர். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று எழுதி எழுதிக் கை பழகிப்போனவள். அன்று என்கூட வந்தாள். வழக்கம்போல ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். அந்த நோட்டு இப்போது என் கடை மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது. கடைசி இரண்டு பக்கத்தில் அவள் கையெழுத்தை அவளாலேயே படிக்க முடியாது.

எனக்கு மோட்டார் காயில் சுற்றும் வேலை. எரிந்துபோன பம்பு மோட்டார், கிரைண்டர், ஃபேன் எது வந்தாலும் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். சொந்தக் கடை. பொழுதுபோக்கு ஹாம் ரேடியோ. அதாவது பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலியில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது. அந்த உரிமப் பரீட்சைக்குப் போனபோது வாசலில் இருந்தவர், "உங்க வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா" என்றார். "அவருக்கு ஓம் விதி தெரியாது, எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

எங்கள் கிளப்பில் ஒன்பது பேர். நான் ஒருத்திதான் பெண். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவோம். அவரவர் கையால் செய்ததைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பி, பெருமையடித்து, சண்டை போட்டு, கடைசியில் ஒரு விளையாட்டோடு கலைவோம். அந்த வருஷம் ஒரு பழைய காகித ஆலை. மூடிப் பல வருஷம் ஆகிறது. அங்கே இருந்த காவலாளிக்கும் பழைய கதை எதுவும் தெரியாது, வேலைக்குச் சேர்ந்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. டாக்டர் அனுமதி வாங்கியிருந்தார்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். கிளப்பிலேயே விலை உயர்ந்த கருவிகள் அவருடையவை. அன்று காலை மேஜையில் அவர் ஒரு பவர் ஆம்ப்ளிஃபையரை வைத்தார். அதன் மூடியைத் திறந்தால் உள்ளே கம்பிகள் பல்வரிசை மாதிரி ஒழுங்காக இருந்தன. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் உடைந்த இரும்பறுக்கும் பிளேடில், தந்தி மொழியான மோர்ஸ் தட்டும் கீ செய்திருந்தார். தட்டினால் வெண்ணெய் மாதிரி போனது. அடுத்து கண்ணாடிக்காரர். ஜன்னல் கண்ணாடி அறுத்து விற்கும் கடை வைத்திருப்பவர். அவருடைய டிரான்ஸ்மிட்டர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே பார்க்கலாம்.

நான் கொண்டுபோனது ஓர் ஆன்டெனா. தச்சர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாயில் குறுக்காகக் கட்டியிருந்தேன். சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட மலிவான பொருள் உலகத்தில் இல்லை. மூக்கை நேராகக் காட்டினால் சத்தம் பலமாக வரும். முதுகைக் காட்டினால் செத்துப்போகும். வாசலில் மோதினாலும் வளைந்து நிமிர்ந்துவிடும்.

கண்ணாடிக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன காயிலம்மா, ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்கப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சாயங்காலம் நரியை யார் பிடிக்கறாங்கன்னு பாப்போம்" என்றேன்.

"இந்த டேப்பால நீங்க நரியைப் பிடிச்சா, நான் என் பெட்டியையே உடைச்சுப் போட்டுடறேன்."

அவர் அப்படித்தான். மூக்குக்கு மேல் கோபம். மூக்கோ நீளம்.

நரி என்பதுதான் அந்த விளையாட்டு. ஒருவர் சோப்பு டப்பா அளவில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்கேயாவது ஒளித்துவைப்பார். நிமிடத்துக்கு ஒரு தடவை அது மோர்ஸில் கத்தும். மற்றவர்கள் கையில் ரேடியோ செட்டும் ஆன்டெனாவுமாகத் தேட வேண்டும். அன்று நரியை ஒளித்தவர் டாக்டர். எல்லோரும் கிளம்பியபோது மணி 3:30. கண்ணாடிக்காரர் யாரையும் கூட்டுச் சேர்க்காமல் தனியாகப் போனார்.

எனக்கு நரி கிடைக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 4:22க்கு லிஃப்ட் மெக்கானிக் பிடித்துவிட்டார். ஒரு பழைய தண்ணீர்க் குழாய்க்குள் இருந்திருக்கிறது. வாசல் பக்கம் மேஜைக்கு எல்லோரும் திரும்பினோம். டாக்டர் நரியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எட்டுப் பேர் பார்த்தோம். என் நாத்தனார் எழுதினாள்: 4:31, பேட்டரி வெளியே.

எட்டுப் பேர் கிளப் ஆட்கள். ஒருவர் குறைவு. கண்ணாடிக்காரரைக் காணவில்லை.

"தோத்துட்டோம்னு தெரிஞ்சிருக்கும். பஸ் ஏறிப் போயிருப்பாரு" என்றார் லிஃப்ட் மெக்கானிக். காலையில் கண்ணாடிக்காரரைத் தன் காரில் அழைத்து வந்தவர் இந்த மெக்கானிக்தான். போன வருஷமும் கண்ணாடிக்காரர் அப்படிக் கோபித்துக்கொண்டு போனவர்தான். போன் அடித்தோம். மணி போனது, எடுக்கவில்லை. அவருடைய செட்டுக்கும் கூப்பிட்டோம். பதில் இல்லை.

"ரோஷம். நாளைக்கு வழிக்கு வந்துடுவாரு" என்றார் டாக்டர். கருவிகளைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்கள்.

4:47.

என் செட் கத்தியது.

அதே அலைவரிசை. அதே பீப் சத்தம். ஆனால் நரி வேகமாக, ஒரே சீராகக் கத்தும். இது மெதுவாக வந்தது. கையால் தட்டியதுபோல. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே யோசித்துக்கொண்டு...

"டாக்டர், ரெண்டாவது நரி வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்ப இது என்ன?"

அவர் தன் செட்டைப் பார்த்தார். அமைதி. மற்ற எல்லோருடைய செட்டும் அமைதி. டாக்டரிடம் அலைகளைப் படமாகக் காட்டும் ஒரு கருவி உண்டு. என் கடையையும் என்னையும் விற்றாலும் அதை வாங்க முடியாது. அதன் திரையில் ஒரு கோடுகூட எழும்பவில்லை.

என் செட் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"உங்க டேப்புல துரு ஏறியிருக்கும். மூட்டை கட்டுங்கம்மா" என்றார் அவர்.

நான் தாளை எடுத்து எழுத்துகளைக் குறித்தேன். டிட் டிட் டிட் டா. டிட் டா. டிட் டா டிட்... ஆங்கில எழுத்துகள் ஏழு வந்தன. சேர்த்துப் படித்தால் ஆங்கிலமே இல்லை. போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோமே, அந்த மாதிரி.

VARATHE.

"என்ன அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"வராதே."

"யாரை?"

ஆன்டெனாவை நாலு பக்கமும் திருப்பினேன். ஒரே ஒரு பக்கம்தான் சத்தம் பலமாக வந்தது. ஆலையின் பெரிய கூடம். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

பாருங்கள், "வராதே" என்ற வார்த்தையை என் காலத்தில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பட்டறைக்கு வராதே. பரீட்சைக்கு வராதே. ராத்திரிக் கூட்டத்துக்கு வராதே. யாரோ எங்கோ பூட்டிக்கொண்டிருக்கும் கதவுதான் அந்த வார்த்தை. கேட்டாலே எனக்குக் கால் முன்னால் போய்விடும்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"யாராவது விளையாடறாங்கம்மா" என்றார் டாக்டர். "வெளிச்சம் போயிடும்."

"போகட்டும். கண்ணாடிக்காரர் இன்னும் வரல. அவர் பஸ் ஏறினதை யாராவது கண்ணால பாத்தீங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆறு மணி வரைக்கும் கேட்டுல இருக்கோம்" என்றார் டாக்டர்.

நாத்தனார் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நானும் வரேன். நீங்க தனியா போனா, திரும்பி வந்து நடந்ததைவிட ரெண்டு மடங்கு சொல்லுவீங்க."

5:03. கூடத்துக்குள் நுழைந்தோம்.

முதலில் கவனித்தது, பறவை இல்லாதது. கூரையில் பத்து இடத்தில் ஓட்டை. புறா அடையாத பாழடைந்த கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு சிறகுகூடக் கிடக்கவில்லை.

பிறகு சிக்னல். ஒரு சிக்னலை நோக்கி நடந்தால் சத்தம் கூட வேண்டும். அறுபது அடி எடுத்துவைத்தேன். எண்ணினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செட்டில் சிக்னல் அளவைக் காட்டும் கோடு அப்படியே இருந்தது.

"அண்ணி, அந்தப் பக்கம் திருப்புங்க."

பின்னால் திருப்பினேன். சத்தம் அதிர்ந்தது.

இப்போது சிக்னல் வாசலிலிருந்து வந்தது. நாங்கள் நுழைந்த வாசலிலிருந்து. அங்கே யாரும் இல்லை. வெயில் மட்டும் நீளமாக விழுந்திருந்தது.

இடது பக்கம் பத்தடி நடந்து திருப்பினேன். வாசல். வலது பக்கம் நடந்தேன். வாசல். எங்கே நின்றாலும் ஆன்டெனா வாசலைத்தான் காட்டியது. விருந்தாளியை வெளியே அனுப்பக் கை நீட்டிக் காட்டுகிற மாதிரி...

பொத்தானை அழுத்திப் பேசினேன்.

"யார் இது? உங்க அழைப்புக் குறியைச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக வந்தது.

POIDU.

போயிடு.

5:11. ஆன்டெனாவைச் செட்டிலிருந்து கழற்றினேன். ஆன்டெனா இல்லாவிட்டால் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை.

செட்டை அணைத்தேன். விளக்கு அணைந்தது.

POIDU.

"அண்ணி..."

பேட்டரியைக் கழற்றினேன். இடது கையில் பேட்டரி. வலது கையில் செட். வெறும் பிளாஸ்டிக் கூடு.

அது கத்திக்கொண்டே இருந்தது.

நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது பேர் தொங்கும் பஸ்ஸில் குடிகாரனைக் காலரைப் பிடித்து இறக்கிவிடுகிறவள் அவள்.

"போயிடலாம் அண்ணி. அதான் போகச் சொல்லுதே."

அந்த வார்த்தைதான் எனக்கு உறைத்தது.

அது ஏன் போகச் சொல்கிறது? எங்களைப் பயமுறுத்துவது மட்டும் நோக்கம் என்றால் எங்கே வேண்டுமானாலும் நிற்க விட்டுப் பயமுறுத்தலாமே. வாசல், வாசல் என்று ஏன் தள்ள வேண்டும்? அப்படியானால் வாசலுக்கு நேர் எதிரில் ஏதோ இருக்கிறது. நாங்கள் பார்க்கக் கூடாத ஏதோ ஒன்று.

"நீ வேணும்னா போ" என்றேன். "நான் எதிர்ப்பக்கம் போறேன்."

"அடிப்பாவி" என்றாள். முதல் தடவையாக என்னை அப்படிச் சொன்னாள். ஆனால் முந்தானையை விடவில்லை. கூடவே வந்தாள்.

வாசலுக்கு முதுகைக் காட்டி நடந்தோம். கூடம் முடிந்து ஒரு நடை. நடை முடிந்து துருப்பிடித்த பெரிய உருளைகள். அங்கே இரண்டு வழி பிரிந்தது.

இடது வழியில் பத்தடி போனேன். சத்தம் நிதானமாகியது. டிட்... டா...

நின்றேன். திரும்பி வந்து வலது வழியில் காலை வைத்தேன்.

சத்தம் வேகமெடுத்தது.

இன்னும் இரண்டடி. இன்னும் வேகம். எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. போயிடு போயிடு வராதே போயிடு...

அது பதறியது.

புரிந்துவிட்டது. ஆன்டெனா வேண்டாம், பேட்டரி வேண்டாம். அது பதறுவதை வைத்தே அதைப் பிடித்துவிடலாம்.

"வருவேன்" என்று உரக்கச் சொன்னேன். குரல் கொஞ்சம் உடைந்தது. பரவாயில்லை. "வந்துகிட்டே இருக்கேன்."

5:19. ஓர் அறை.

5:22. இன்னோர் அறை. இருட்டு. நாத்தனார் போன் டார்ச்சைப் போட்டாள்.

சத்தம் இப்போது ஒரே அலறல். இடைவெளியே இல்லை. காதுக்குள் ஊசி.

ஓர் அடி.

இன்னோர் அடி.

5:26.

நின்றுவிட்டது.

சுத்தமாக நின்றுவிட்டது. எங்கள் மூச்சு மட்டும் கேட்டது.

என் காலுக்கு ஒரு முழம் முன்னால் தரை இல்லை.

காகிதக் கூழ் கலக்கும் தொட்டி. தரையோடு தரையாக, மேலே தகரம் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு தகரம் உள்ளே இற்று விழுந்திருந்தது. நாத்தனார் டார்ச்சைக் கீழே காட்டினாள். பதினைந்தடி ஆழம் இருக்கும்.

கீழே கண்ணாடிக்காரர்.

சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. மடியில் அவருடைய செட். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே போன்.

இடது கையைப் பார்த்தேன்.

பக்கவாட்டில் நீண்டிருந்தது. தோள் உயரத்தில். எதன் மேலும் ஊன்றவில்லை. காற்றில் நின்றது. சாலையைக் கடக்கும்போது குழந்தை பெரியவர் கையைப் பிடிக்குமே, அப்படி.

"கண்ணாடிக்காரரே!"

நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போயிடுங்க காயிலம்மா" என்றார். "எனக்குத் துணை இருக்கு."

குரல் அவருடையது. அந்த நிதானம் அவருடையது இல்லை.

"போய் எல்லாரையும் கூட்டிட்டு வா" என்றேன் நாத்தனாரிடம். அவள் போன் டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு, இருட்டில் தடவிக்கொண்டே ஓடினாள். போகிற வழியெல்லாம் கண்டக்டர் விசிலை ஊதினாள். அந்த விசில் தூரமாகிக்கொண்டே போனது.

நான் மட்டும்.

கையில் வெறும் கூடு.

டிட் டிட் டிட் டா. டிட் டிட். டா டிட் டிட். டிட் டிட் டா.

VIDU.

விடு.

எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"நீ விடு முதல்ல!"

என் குரல் தொட்டிக்குள் போய் எதிரொலித்தது. கண்ணாடிக்காரரின் தலை மெல்லச் சரிந்தது. கண் மூடியது. ஏதோ தாலாட்டுக் கேட்பதுபோல. இந்த மனுஷன் தூங்கிவிட்டால் போச்சு. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

அவரை எழுப்ப எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"யோவ்! உங்க டிரான்ஸ்மிட்டர் பெட்டியை நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மீன் தொட்டின்னு நினைச்சேன்!"

அசைவில்லை.

"ரெண்டு தங்கமீன் வாங்கி விடுங்க. அதுக்காவது உதவட்டும். உள்ள சாலிடர் வெச்சிருக்கீங்களே, அதென்ன சாலிடரா, மூக்குச் சளியா?"

நெற்றி சுருங்கியது.

"அந்தக் காயில்! அதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் கடை வாசல்ல போற ஆடுகூட அதைவிட ஒழுங்கா சுத்தும்!"

"அது..." உதடு அசைந்தது. "அது... கையால சுத்தினது..."

"கையாலயா? நான் காலாலன்னு நினைச்சேன்!"

"காயிலம்மா..." கண் திறந்தது. "வார்த்தையை அளந்து பேசுங்க..."

"அளக்கத்தான் டேப் கொண்டாந்திருக்கேன்! எந்திரிச்சு வாங்க, அளந்து காட்டறேன்!"

அவர் கோபத்தில் கையை வீசப் பார்த்தார்.

இடது கை வரவில்லை.

காற்றில் அப்படியே நின்றது. இழுத்தார். வரவில்லை. அப்போதுதான் அவர் முதல் தடவையாகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் எனக்கு அங்கே சுவர்தான் தெரிந்தது. ஆனால் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது.

"இழுங்க!" என்று கத்தினேன். "ரோஷம் இருந்தா இழுங்க!"

இழுத்தார்.

ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம்.

கை விடுபட்டது.

"ஐயோ... என் காலு!" என்று அலறினார். கால் உடைந்தவன் அலறுவது இவ்வளவு நிம்மதியான சத்தம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 5:38 என்று நினைக்கிறேன். இந்த ஒரு நேரத்தை மட்டும் நாத்தனார் எழுதவில்லை. போன் திரையில் நான் பார்த்தது.

அதற்குப் பிறகு என் செட் கத்தவே இல்லை. விசில் சத்தம் நெருங்கி வந்தது. டாக்டர், லிஃப்ட் மெக்கானிக், எல்லோரும். 6:12க்குத் தீயணைப்பு வண்டி. 6:40க்குக் கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, "ஆடுன்னா சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணுக்காலில் மாவுக்கட்டு. இடது மணிக்கட்டில் ஐந்து விரல் தடம், கன்றிப்போய் நீலமாக. அவர் மனைவி தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் கேட்டேன்.

"கையில செட் இருந்தது. முழு சார்ஜ். போனும் இருந்தது. நாங்க அத்தனை தடவை கூப்பிட்டோம். ஏன் பேசல?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு. எடுக்கணும்னே தோணல காயிலம்மா. விழுந்த உடனே பயங்கர வலி. கத்தப் போனேன். யாரோ கையைப் பிடிச்சாங்க. வலி போயிடுச்சு. அவன் பேசிட்டே இருந்தான்."

"என்ன பேசினான்?"

"ஒரே வரிதான். ஆறுதல் சொல்ற மாதிரி. திரும்பத் திரும்ப." தொண்டையைச் செருமிக்கொண்டார். "'பயப்படாதே. யாரும் வரமாட்டாங்க.'"

அவர் மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பார்த்தேன்.

"கடைசியில மேல ஏதோ காலடிச் சத்தம் கேட்டுச்சு. அப்ப அவன் கை நடுங்குச்சு. அவனுக்குப் பயம்."

"எதைப் பாத்து?"

"உங்களைப் பாத்துத்தான்."

அந்தத் தொட்டியை மூடச் சொல்லி ஆலைக்காரர்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதில் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். காங்கிரீட் போட்டார்கள். போட்ட அன்று நானே போய் நின்று பார்த்தேன். செட்டைக் கையில் வைத்திருந்தேன், பேட்டரியோடு, முழுச் சத்தத்தில். ஒரு மணி நேரம் நின்றேன். ஏதாவது சொல்வதாக இருந்தால் சொல்லட்டும் என்றுதான். ஒன்றும் சொல்லவில்லை. கிளப்பில் இனி அந்த இடம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். நான் கை தூக்கவில்லை.

இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மோட்டார் எரிந்துபோய் என் கடைக்கு வந்தது. தீயணைப்பு நிலையத்துப் பம்பு மோட்டார். கூடவே அந்த நிலையத்தின் அதிகாரி வந்தார். அன்று தொட்டிக்குள் முதலில் இறங்கியவர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல" என்றார். "அந்தக் குழியில நான் இறங்கினது அது ரெண்டாவது தடவை."

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருவன், பழைய இரும்பு எடுக்க உள்ளே போனவன், காணாமல் போயிருக்கிறான். ஆறாம் நாள் கண்டுபிடித்திருக்கிறார்கள். உயிர் இல்லை.

"கணுக்கால்ல சின்ன முறிவுதாம்மா. அதுல யாரும் சாக மாட்டாங்க. சட்டைப் பையில பட்டன் போன். நாங்க எடுத்தப்பகூட ரெண்டு கோடு சார்ஜ் இருந்துச்சு. அவன் பொண்டாட்டி நாப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கா. ஒண்ணைக்கூட எடுக்கல."

சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தேன்.

"அவன் பக்கத்துல எலும்பு இருந்துச்சு. ரொம்பப் பழசு. யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. ரெண்டு பேரையும் வெளிய எடுத்து, முறைப்படி அடக்கம் பண்ணியாச்சு. குழியைக் கழுவியே விட்டோம். உள்ள எதுவும் மிச்சமில்ல. ஆனா எடுக்கறப்ப அவன் கையைப் பிரிக்கத்தான் பெரும்பாடு..."

"எலும்பைப் பிடிச்சுட்டு இருந்தானா?"

அதிகாரி தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அவன் கை விரிஞ்சுதாம்மா இருந்துச்சு. அவன் கையைச் சுத்தி மூடியிருந்தது அந்த எலும்பு விரல்."